பழைய வீட்டில் எறும்புத் தொல்லை: நாமே செய்யக்கூடியது என்ன? ஆளைக் கூப்பிடும்போது கேட்க வேண்டியது என்ன?

மழை பிடித்துவிட்டால் எறும்பு வீட்டுக்குள் ஏறிவிடும். கடும் கோடையில் தண்ணீர் தேடியும் வரும். சர்க்கரை டப்பா, மாவுப் பாத்திரம், குழந்தையின் தொட்டில், கோழி அடை வைத்த கூடை என்று எதையும் விடாது. பொறுமை இழந்து, வயலுக்கு வாங்கி மீதம் வைத்திருந்த பூச்சிமருந்தை எடுத்துச் சுவரோரம் தெளித்துவிடுகிறவர்கள் பலர். அன்று மாலை வரிசை இருக்காது. பத்து நாளில் வேறு மூலையில் புது வரிசை தெரியும்.

இதில் இரண்டு நட்டம் இருக்கிறது. ஒன்று, புற்று அப்படியே இருக்கிறது. இரண்டு, வயலுக்கான விஷம் நாம் படுத்து உறங்கும் தரையில் தங்கிவிடுகிறது. வெளியே ஓடும் எறும்பைக் கொல்வதால் பலன் இல்லை. அதன் வாய் வழியாகவே மருந்தைப் புற்றுக்குள் அனுப்ப வேண்டும். அந்த முறையையும், ஊரில் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிட வேண்டிய நேரத்தையும் இங்கே பார்க்கலாம்.

பழைய வீட்டில் எறும்பு ஏன் அதிகம்?

மண் சுவர், சுண்ணாம்புக் காரைச் சுவர், நாட்டு ஓடு, பனங்கை, மர உத்திரம் என்று கட்டிய வீடுகளில் இடுக்குகள் ஏராளம். காரை உதிர்ந்த இடம், நிலைக்கதவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள பிளவு, தளக்கல்லின் சந்து, ஓட்டுக்கு அடியில் சேரும் குப்பை ஆகிய எல்லாமே எறும்புக்குக் குடியிருக்கத் தோதானவை. முற்றத்தில் நிற்கும் தண்ணீரும் சுவரில் ஏறும் ஈரமும் அதற்கு வேண்டிய நீரைக் கொடுத்துவிடுகின்றன.

கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை போன்ற பழைய ஊர்களின் தெரு வீடுகளிலும், கிராமத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளிலும் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். புற்று அடுத்த வீட்டுப் பக்கம் இருக்கலாம். வரிசை உங்கள் வீட்டுக்கு வரும். அங்கே நீங்கள் மட்டும் மருந்து வைத்தால் தீராது. பக்கத்து வீட்டாரிடமும் பேசி, இரு வீட்டிலும் ஒரே வாரத்தில் வைப்பதுதான் பலன் தரும்.

முதலில் பாருங்கள்: எறும்பா, கரையானா?

பழைய வீடுகளில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றி இறக்கை முளைத்த பூச்சி பறந்ததும், எறும்புக்குக் கரையான் மருந்தோ, கரையானுக்கு எறும்பு மருந்தோ போட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு பூச்சியைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்.

- எறும்புக்கு இடுப்பு நூல்போல ஒடுங்கியிருக்கும். கரையானுக்கு இடுப்பே தெரியாது. உடல் ஒரே பருமனாக இருக்கும்.
- எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும். கரையானின் உணர்கொம்பு மடங்காமல் மணி கோத்ததுபோல இருக்கும்.
- இறக்கை முளைத்த எறும்புக்கு முன் இறக்கை பெரியது, பின் இறக்கை சிறியது. ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம். காலையில் விளக்கடியில் இறக்கைகள் குவிந்து கிடந்தால் அது பெரும்பாலும் ஈசல், அதாவது கரையான்.
- சுவரிலோ மரத்திலோ மண்ணால் பூசிய குழாய்போன்ற பாதை ஏறினால் அது கரையான்.

கட்டெறும்பு மரத்துக்குள் குடியிருக்கும். ஆனால் மரத்தைத் தின்னாது. ஏற்கெனவே ஈரம் பட்டு இற்றுப்போன உத்திரத்தைக் குடைந்து, தூளை வெளியே தள்ளும். உத்திரத்தின் அடியில் மரத்தூள் விழுந்து கிடந்து, கட்டெறும்பும் நடமாடினால், அந்த இடத்தில் ஓடு ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகலை அடைக்காமல் மருந்து மட்டும் வைத்தால் பயன் இல்லை. மரத்தூளோடு எறும்பே இல்லையென்றால், மரத்தைத் துளைக்கும் வண்டாக இருக்கலாம்.

எந்த எறும்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெயர் ஊருக்கு ஊர் மாறும். உருவத்தையும் நடத்தையையும் வைத்து அடையாளம் காணுங்கள்.

பிள்ளையார் எறும்பு: கருப்பு, கால் நீளம், தாறுமாறாக வேகமாக ஓடும், கடிப்பதில்லை. தொல்லை குறைவு. உணவை மூடி வைத்தாலே பெரும்பாலும் போய்விடும்.

மஞ்சள் நிறப் பொடி எறும்பு: 2 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். இனிப்பு, எண்ணெய், இறைச்சி எதையும் விடாது. சுவருக்குள்ளும் மின்கம்பி போகும் குழாய்க்குள்ளும் குடியிருக்கும். ஒரே புற்றில் பல ராணிகள் இருக்கும். வீட்டில் ஒழிக்க மிகக் கடினமான எறும்பு இதுதான்.

சிவப்பு நெருப்பெறும்பு: கொட்டினால் தீப்பட்டதுபோல எரியும். தோட்டம், வரப்பு, தொழுவத்து ஓரம் ஆகிய இடங்களில் மண்ணைக் குவித்துப் புற்று வைக்கும். கோழிக்குஞ்சுக்கும் புதிதாகப் பிறந்த கன்று, ஆட்டுக்குட்டிக்கும் ஆபத்து.

கட்டெறும்பு: பெரியது, கருப்பு, நன்றாகக் கடிக்கும். இரவில் அதிகம் நடமாடும்.

மஞ்சள் பைத்திய எறும்பு: நீண்ட கால்கள், மஞ்சள் கலந்த பழுப்பு உடல், நிலையில்லாத ஓட்டம். கடிப்பதில்லை, ஆனால் பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-ல் இந்த எறும்பு பெருகி, ஆடு மாடுகளின் கண் பாதிக்கப்படுவதாக விவசாயிகள் முறையிட்டது நினைவிருக்கலாம். இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. உங்கள் ஊரில் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தால் தனியாக மருந்து அடிக்காமல், ஊராட்சிக்கும் வேளாண்மைத் துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரிவியுங்கள்.

தெளித்தால் ஏன் ஒழிவதில்லை?

வரிசையில் நீங்கள் பார்ப்பது இரை தேடும் வேலைக்கார எறும்புகளை மட்டுமே. அவை புற்றின் ஒரு சிறு பகுதி. ராணி, முட்டை, புழு எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும். வெளியே இருப்பவை செத்தால் உள்ளே இருப்பவை அந்த வேலைக்கு வந்துவிடும்.

பல ராணிகள் உள்ள பொடி எறும்பு விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். நெடியுள்ள மருந்து பட்டதும் கூட்டம் கலைந்து, ஒவ்வொரு பகுதியும் ஒரு ராணியை இழுத்துக்கொண்டு வேறு இடுக்குக்குப் போய்ப் புதுக் குடும்பம் தொடங்கும். அடுக்களையில் இருந்த ஒரு புற்று, ஒரு மாதத்தில் நடையிலும் பூஜை அறையிலும் ஓட்டிலும் மூன்று நான்கு புற்றாகிவிடும். மருந்து அடித்த பிறகு எறும்பு அதிகமாகிவிட்டது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எறும்பின் பலவீனம் அதன் பங்கிட்டு உண்ணும் வழக்கம். வளர்ந்த எறும்பு திடமான உணவை விழுங்காது; நீர்மத்தைக் குடித்து வயிற்றில் வைத்துக்கொண்டு போய், மற்ற எறும்புகளுக்கும் ராணிக்கும் வாயோடு வாயாக ஊட்டும். அந்த இனிப்பில் மெதுவாக வேலை செய்யும் மருந்து கலந்திருந்தால், புற்று முழுவதும் அதுவே பரப்பிவிடும். மருந்து வேகமாகக் கொன்றால் பாதி வழியிலேயே எறும்பு செத்துவிடும். எனவே இங்கே வீரியம் குறைந்த மருந்துதான் நல்ல மருந்து.

வயல் மருந்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்

வயலில் அடித்த மருந்து வெயிலிலும் மழையிலும் மெல்லச் சிதையும். வீட்டுக்குள் வெயிலும் மழையும் இல்லை. மண் சுவரும் காரையும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தவழும் குழந்தை அந்தத் தரையில் கை வைத்து வாயில் வைக்கும். மாடு சுவரை நக்கும். கோழி செத்த எறும்பைக் கொத்தும்.

- குருணை மருந்தைச் சுவரோரம் தூவக் கூடாது. இந்தப் பழக்கத்துக்கு அதிகம் பயன்பட்ட போரேட் குருணை 2020 முடிவோடு நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மீதம் இருந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.
- பரணில் பழைய பி.எச்.சி. பொடி கிடந்தால் தொடாதீர்கள். அது 1997-லேயே தடை செய்யப்பட்டது.
- நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எறும்புப் புற்றிலோ எலி வளையிலோ வீட்டருகே போடக் கூடாது. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பின் வாயு வரும். மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024 நவம்பரில், எலிக்கு மருந்து வைத்த வீட்டில் இரவு உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மருந்து வைத்தது வெளியிலிருந்து கூப்பிட்ட பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள். ஆளைக் கூப்பிட்டாலும் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.
- எறும்புச் சாக்பீஸ் விளையாட்டுப் பொருள் அல்ல. பார்க்கப் பள்ளிக்கூடச் சாக்பீஸ்போல இருப்பதால் குழந்தை எடுத்துக் கடித்துவிடும்.

நாமே செய்யும் முறை

படி 1: வரிசையைப் பின்தொடருங்கள். கண்டதும் துடைக்காதீர்கள். எங்கிருந்து வருகிறது, எந்த இடுக்கில் நுழைகிறது, எதைத் தேடுகிறது என்று பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதை தெளிவாகத் தெரியும். இடங்களைக் கரித்துண்டால் குறித்து வையுங்கள்.

படி 2: என்ன பிடிக்கும் என்று சோதியுங்கள். ஒரு சிறு இலையில் சர்க்கரைத் தண்ணீரும், இன்னொன்றில் அரைத்த வறுத்த நிலக்கடலையும் பாதையருகே வையுங்கள். அரை மணி நேரத்தில் எதில் கூட்டம் சேர்கிறது என்று தெரிந்துவிடும். எறும்பின் விருப்பம் காலத்துக்குக் காலம் மாறும். அதனால் போன முறை பலித்தது இந்த முறை பலிக்காமல் போகலாம்.

படி 3: இரை தயாரியுங்கள். மருந்துக்கடையில் போரிக் ஆசிட் பொடி கிடைக்கும்.

- வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லி
- சர்க்கரை 10 கிராம் (இரண்டு தேக்கரண்டி)
- போரிக் ஆசிட் 1 கிராம் (கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்)

நன்றாகக் கரையும்வரை கலக்குங்கள். நிலக்கடலையை விரும்பும் எறும்பாக இருந்தால், 100 கிராம் அரைத்த கடலையில் 1 கிராம் போரிக் ஆசிட் சேர்த்துப் பிசையலாம். அதிகம் போட்டால் சீக்கிரம் சாகும் என்று நினைத்து அளவைக் கூட்டாதீர்கள். அளவு கூடினால் எறும்பு தொடாது. தொட்டாலும் புற்றுக்குப் போய்ச் சேராது.

போரிக் ஆசிட் வயிற்றுக்குள் போனால் மனிதருக்கும் விஷம்தான். சமையல் கரண்டியும் பாத்திரமும் இதற்கு வேண்டாம். மீதியைப் பெயர் எழுதி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

படி 4: சரியான இடத்தில் வையுங்கள். பஞ்சை நனைத்துப் பாட்டில் மூடியில் வைத்து, அதை ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு மூடுங்கள். எறும்பு நுழையும் அளவுக்கு ஆணியைச் சுட்டு ஐந்தாறு துளை போடுங்கள். குழந்தையும் கோழியும் நாயும் பூனையும் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். இதைப் பாதையிலேயே, நுழையும் இடுக்குக்கு ஓரடி தள்ளி வையுங்கள். ஒரு வீட்டுக்கு நான்கைந்து இடம் வேண்டியிருக்கும்.

படி 5: பொறுத்திருங்கள். முதல் இரண்டு நாள் கூட்டம் அதிகமாகும். பயந்து மருந்து அடித்துவிடாதீர்கள். அவை எடுத்துச் செல்வதுதான் நமக்கு வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுங்கள். ஒரு வாரத்தில் வரிசை மெலியத் தொடங்கும். முழுதும் அடங்க இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். பொடி எறும்புக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். இந்த நாட்களில் வேறு இனிப்பு எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. இரை வைத்த இடத்தில் பினாயில், மண்ணெண்ணெய், ஸ்பிரே எதுவும் வேண்டாம்.

படி 6: கடைசியில் பாதையை அழித்து இடுக்கை அடையுங்கள். எறும்பு அடங்கிய பிறகு பாதையைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். எறும்பு விட்டுச்செல்லும் வாசனைத் தடம் அதோடு போய்விடும். பிறகு இடுக்கை அடையுங்கள். காரைச் சுவருக்குச் சிமென்ட் பூசாமல் சுண்ணாம்புக் கலவையே பூசுங்கள். சிமென்ட் ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிடும். சில ஆண்டில் அந்த இடம் உப்பி உதிர்ந்து, பழையபடி இடுக்காகும். இரை வைப்பதற்கு முன்பே இடுக்கை அடைத்தால் எறும்பு வேறு வழி தேடும். அதனால் வரிசையை மாற்றிச் செய்யாதீர்கள்.

மஞ்சள்தூள், உப்பு, சாம்பல், கற்பூரம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இவை ஒன்றிரண்டு நாள் வரிசையைத் திருப்பிவிடும். விருந்தினர் வரும் நாளுக்கு உதவும். ஆனால் புற்றை ஒழிக்காது.

வீட்டைச் சுற்றியும் பாருங்கள்

சுவரை ஒட்டி வளர்ந்த கொய்யா, பப்பாளி, செம்பருத்தியில் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருந்தால், அதிலிருந்து வடியும் இனிப்பு நீருக்காக எறும்பு அங்கே கூடும். மாவுப்பூச்சியைச் செடி செடியாகப் பரப்புவதும் எறும்புதான். அந்தச் செடியின் கிளை ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே வீட்டுக்குள் வரும் பாலம். கிளையை வெட்டி ஓரடி இடைவெளி விடுங்கள். செடியின் மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்தினால் வீட்டு எறும்பும் பாதி குறையும்.

விறகு, தென்னை மட்டை, செங்கல் குவியலைச் சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம். தானிய மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். அலமாரி, கட்டில் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழைய பழக்கம் நல்லதுதான். ஆனால் வாரம் இருமுறையாவது கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் டெங்கு கொசு அதில் முட்டையிடும்.

தொழுவத்திலும் கோழிக்கூட்டிலும்

கன்று ஈனும் இடத்தையும் கோழி அடை வைக்கும் இடத்தையும் ஒரு வாரம் முன்பே பாருங்கள். பிறந்த குட்டியின் ஈரமும் பொரியும் முட்டையின் வாசனையும் நெருப்பெறும்பை இழுக்கும். பிறந்ததும் கன்றைத் துடைத்து, நஞ்சுக்கொடியை உடனே அப்புறப்படுத்திப் புதையுங்கள். அடைக்கூடையைத் தரையில் வைக்காமல், கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும் பலகையின் மேல் வையுங்கள்.

வெளியில் உள்ள நெருப்பெறும்புப் புற்றில் காலை வேளையில் சுமார் 10 லிட்டர் கொதிக்கும் நீரை மெதுவாக ஊற்றலாம். ஒரே முறையில் முழுதும் சாகாது. சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை ஊற்ற வேண்டும். மரத்தின் வேருக்கு அருகில் ஊற்றாதீர்கள். கொதிநீரைத் தூக்கிச் செல்லும்போது குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள்.

கோழிக்கூட்டுக்குள் பிப்ரோனில் போன்ற மருந்தைத் தெளிக்கவே கூடாது. கோழி இனத்துக்கு அது கடும் விஷம். 2017-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் கோழிப்பேனுக்கு அடித்த மருந்தில் பிப்ரோனில் கலந்திருந்து, அது முட்டையில் சேர்ந்ததால் லட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பட்டுப்புழு மனையும் தேனீப் பெட்டியும் உள்ள வீடுகளில் எந்தப் பூச்சிமருந்துத் தெளிப்பும் வேண்டாம்; இரைப் பெட்டி மட்டும் போதும்.

ஆளை எப்போது கூப்பிட வேண்டும்?

- இரை வைத்து ஒன்றரை மாதம் ஆகியும் குறையாதபோது
- பொடி எறும்பு பல அறைகளில் ஒரே நேரத்தில் தெரியும்போது
- மின்பெட்டி, சுவிட்ச் பலகைக்குள் எறும்பு குடியேறும்போது (முதலில் மின் பணியாளரை வைத்து மின்சாரத்தை நிறுத்துங்கள்)
- உத்திரம், தூணில் மரத்தூள் கொட்டும்போது அல்லது கரையான் பாதை தெரியும்போது
- எறும்பு கொட்டினால் மூச்சுத்திணறல் வரும் ஆள் வீட்டில் இருக்கும்போது

பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்

உரிமம்: பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, அதன் கீழுள்ள 1971-ம் ஆண்டு விதிகளின்படி, கூலிக்குப் பூச்சிமருந்து அடிக்கும் நிறுவனம் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

மருந்து: எந்த மருந்து, எவ்வளவு வீரியம் என்று கேட்டு, மூடிய பெட்டியையே காட்டச் சொல்லுங்கள். பெயர் ஒட்டாத பாட்டிலில் கலந்து கொண்டுவந்தால் உள்ளே விடாதீர்கள். சீட்டில் உள்ள நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கடும் விஷம், அடுத்து மஞ்சள், அதன்பின் நீலம், பச்சை குறைந்த விஷம். வீட்டுக்குள் சிவப்பும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கு என்று சீட்டில் இருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள்.

முறை: எறும்பு எது என்று பார்க்காமலே விலை சொல்லும் ஆள் வேண்டாம். நல்ல ஆள் முதலில் டார்ச் எடுத்து வரிசையைத் தேடுவார். பெரும்பாலும் ஜெல் அல்லது குருணை வடிவ இரையை இடுக்குகளில் சிறு புள்ளியாக வைப்பார். அறை முழுக்கப் புகைபோல அடிப்பது எறும்புக்குத் தேவையில்லை. நெடி அதிகம் இருந்தால் மருந்து நல்லது என்று நினைக்காதீர்கள். நெடி எறும்பை விரட்டும். நமக்கு அது வந்து தின்ன வேண்டும்.

திரும்ப வருவது: ஒரே நாள் வேலையில் எறும்பு தீராது. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்து பார்ப்பதும் கூலியில் சேருமா என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எறும்புக்கா, கரையானுக்கா என்பதும் அதில் இருக்கட்டும்.

கிணறு: கரையானுக்குச் சுவரோரம் தரையில் துளையிட்டு மருந்து செலுத்துவார்கள். பழைய வீட்டில் கிணறு பெரும்பாலும் முற்றத்திலோ கொல்லையில் சுவரை ஒட்டியோ இருக்கும். கிணறு, தரைத் தொட்டி, மீன் குளம் எங்கே இருக்கின்றன என்பதை முதலிலேயே காட்டுங்கள். அந்தப் பக்கம் மருந்து செலுத்தாமல் வேறு வழி சொல்லும் ஆளே பொறுப்பான ஆள்.

வேலை நடக்கும் நாளில் உணவு, பாத்திரம், மாட்டுத் தீவனம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் மூடுங்கள். குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர்களை உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். தெளிப்பு நடந்தால், காய்ந்து கதவு சன்னலைத் திறந்து காற்றாடவிட்ட பிறகே உள்ளே போங்கள். எத்தனை மணி நேரம் என்பது மருந்துச் சீட்டில் இருக்கும். ஜெல் வைத்த இடத்தைக் கழுவாதீர்கள். காலி டப்பாவை அந்த ஆளே எடுத்துச் செல்லட்டும்.

விஷம் பட்டால், எறும்பு கொட்டினால்

மருந்து வயிற்றுக்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரோ எண்ணெயோ கொடுக்காதீர்கள். உடலில் பட்டிருந்தால் உடையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழையுங்கள். கால்நடைக்கு என்றால் 1962.

எறும்பு கொட்டிய இடத்தைச் சோப்பால் கழுவிக் குளிர்ந்த நீர் ஒற்றினால் போதும். முகம் வீங்குதல், உடல் முழுக்கத் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எல்லா எறும்பையும் கொல்ல வேண்டாம்

மா, முந்திரி மரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு, மரத்துக்கு வரும் பல பூச்சிகளை வேட்டையாடும். எறும்புகள் கரையானையும் தின்னும். செத்த பூச்சிகளை அகற்றி மண்ணைக் கிளறிவிடும். தோட்டத்தில் இருக்கும் எறும்பு தொல்லை தராதவரை அதை விட்டுவிடுங்கள். அடுக்களை, படுக்கை, தொழுவம், கோழிக்கூடு ஆகிய நான்கு இடத்தில் மட்டும் அதை நிறுத்தினால் போதும்.

அடுத்த மழைக்கு முன்பே ஓட்டைச் சரிபார்த்து, கிளையை வெட்டி, காரை உதிர்ந்த இடத்தைப் பூசிவிடுங்கள். முதல் வரிசை தெரிந்த அன்றே தெளிப்பானைத் தேடாமல் இரைப் பெட்டியை வையுங்கள். செடிகளில் மாவுப்பூச்சி, நெருப்பெறும்பு குறித்த சந்தேகங்களுக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551-ஐயோ தொடர்புகொள்ளலாம்.